கொழுப்பைத் தடுக்கும் மாத்திரை: விழுங்கும் முன் ஒரு கணக்கு

மூன்றாம் ஆண்டு மாணவன், கெமிக்கல் பிரிவு



மலருக்குக் கட்டுரை கேட்டபோது "பாய்லர் பாதுகாப்பு" பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் பாய்லரை வேறு யாராவது பார்த்துக் கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, ஒரு மாத்திரையைப் பற்றி எழுத வந்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறார். அக்கா எட்டாவதோடு நின்று திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள். அவள் சம்பளத்தில்தான் என் பரீட்சைக் கட்டணம் முதல் டிராஃப்டர் வரை வாங்கினோம். வீட்டுக்கு என்ன காகிதம் வந்தாலும், ரேஷன் கார்டானாலும் கரண்ட் பில்லானாலும், "தம்பி வரட்டும், படிச்சுச் சொல்லுவான்" என்று எடுத்து வைத்து விடுவார்கள்.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொண்டிருந்த சமயம் அது. பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு கொஞ்சம் பூசின மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அக்கா ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். அம்மா இதை வேலை செய்யும் வீட்டில் சொல்லி வருத்தப்பட, அந்த வீட்டம்மா தன் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்த ஒரு மருந்துப் பெட்டியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். "எனக்கு ஒத்துக்கலை, வீணாத்தான் கிடக்குது, உம் பொண்ணுக்குக் குடு" என்றாராம். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார்.

நான் சனிக்கிழமை ஆஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போனேன். "கண்ணு, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்று அம்மா பெட்டியை நீட்டினார். பெயரை எழுத்துக் கூட்டி 'அல்லி' என்று வாசித்தேன். (அதை அமெரிக்காவில் 'ஆலை' என்பது போல உச்சரிப்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.) உள்ளே இருக்கும் மருந்து ஆர்லிஸ்டாட், 60 மில்லிகிராம். உபயோகம்: 'வெயிட் லாஸ் எய்டு'. முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, பெரிய டாக்டர் மாதிரி, "எடை குறையற மாத்திரைதாங்க்கா, சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டேன்.

அது நான் செய்த தவறு. அக்கா மூன்று நாள் சாப்பிட்டாள். அதில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பும் உண்டு. செவ்வாய்க்கிழமை கம்பெனியில் அவள் பட்ட அவஸ்தையை இங்கே முழுவதும் எழுத வேண்டாம். பாதி ஷிஃப்டில் வீட்டுக்கு வந்து அழுதாள் என்பது மட்டும் போதும். (அக்காவைக் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகே இதை எழுதுகிறேன்.) தகவல் தெரிந்து அன்று இரவே வீட்டுக்குப் போய், அகராதியை வைத்துக் கொண்டு பெட்டியின் நான்கு பக்கமும், உள்ளே இருந்த தாளும் வரிவரியாகப் படித்தேன். பிறகு எங்கள் நூலகத்திலும் தேடிப் படித்தேன். அப்படித் தெரிந்து கொண்டதையே உங்களுக்குச் சொல்கிறேன்.

கொழுப்பு எப்படிச் செரிக்கிறது?

எண்ணெய், நெய், வெண்ணெய், கறியில் உள்ள கொழுப்பு எல்லாமே பெரும்பாலும் டிரைகிளிசரைடு என்ற பொருள்தான். ஒரு கிளிசரால், அதில் மூன்று கொழுப்பு அமிலங்கள். சோப்பு தயாரிப்புப் பாடத்தில் நாம் போர்டில் எழுதிப் பார்த்த அதே மூலக்கூறு.

இது உருவத்தில் பெரியது. குடலின் சுவரைத் தாண்டி அப்படியே உள்ளே போக முடியாது. அதனால் உடம்பு இரண்டு வேலை செய்கிறது. முதலில் பித்தநீர் வந்து, சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிப்பது போல, கொழுப்பைச் சின்னச்சின்னத் துளிகளாக உடைக்கிறது. பிறகு கணையத்திலிருந்து வரும் லைபேஸ் என்ற நொதி, கத்தரிக்கோல் மாதிரி, அந்த மூன்று அமிலங்களில் இரண்டை வெட்டி எடுக்கிறது. இப்போது துண்டுகள் சிறியவை. குடல் சுவர் அவற்றை உறிஞ்சிக் கொள்கிறது. உடனே செலவாகாதது உடம்பில் கொழுப்பாகத் தங்குகிறது.

லைபேஸ் ஒரு கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் இல்லையென்றால் ரியாக்‌ஷன் போதிய வேகத்தில் நடக்காது. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

மாத்திரை செய்யும் வேலை

நிறையப் பேர் நினைப்பது போல ஆர்லிஸ்டாட் உடம்பில் இருக்கும் கொழுப்பைக் கரைப்பதில்லை. பசியைக் குறைப்பதும் இல்லை. அது இரத்தத்துக்குள் போவதே மிகமிகக் குறைவு. அதன் வேலை முழுவதும் குடலுக்குள்ளேயேதான்.

லைபேஸ் நொதியில் வெட்டும் இடம் ஒன்று உண்டு. அங்கே உள்ள செரின் என்ற பகுதியில் ஆர்லிஸ்டாட் போய் ஒட்டிக் கொள்கிறது. பிறகு அந்தக் கத்தரிக்கோல் வெட்டாது. வனஸ்பதி தயாரிக்கும்போது நிக்கல் கேட்டலிஸ்டைக் கந்தகம் கெடுத்துவிடும் என்று படித்தோமே, 'கேட்டலிஸ்ட் பாய்சனிங்', ஏறக்குறைய அதே கதைதான்.

ஆனால் எல்லா லைபேஸும் நின்று விடுவதில்லை. 60 மி.கி. மாத்திரை, சாப்பாட்டில் உள்ள கொழுப்பில் சுமார் கால் பங்கைத் தடுக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் 120 மி.கி. சுமார் 30 சதவீதத்தைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட கொழுப்பு செரிக்காமல் மலத்தோடு வெளியே போகிறது. அடுத்த வேளைக்கு உடம்பு புது லைபேஸ் சுரக்கும் என்பதால், கொழுப்பு உள்ள ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஒரு மாத்திரை வேண்டும். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் கூடாது. மாத்திரையை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

மண்ணிலிருந்து மருந்துக் கடைக்கு

இதன் பிறப்பு நம் கெமிக்கல் பிரிவு நண்பர்களுக்குப் பிடிக்கும். ஸ்பெயின் நாட்டின் மயோர்க்கா தீவில் எடுத்த மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் டாக்ஸிட்ரிசினி என்ற பாக்டீரியா இருந்தது. அது உண்டாக்கும் லிப்ஸ்டாட்டின் என்ற பொருள் லைபேஸைத் தடுப்பதை ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தார் கண்டுபிடித்து 1987-ல் வெளியிட்டார்கள். அதில் நான்கு ஹைட்ரஜன் அணுக்களை ஏற்றினால் கிடைப்பதுதான் ஆர்லிஸ்டாட். வனஸ்பதிக்குச் செய்யும் ஹைட்ரஜனேற்றம் கொழுப்பை எதிர்க்கும் மருந்துக்கும் பயன்பட்டிருக்கிறது!

120 மி.கி. மாத்திரை 'ஜெனிக்கல்' என்ற பெயரில் 1998-ல் ஐரோப்பாவிலும் 1999-ல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். 60 மி.கி. மாத்திரையைச் சீட்டு இல்லாமலே விற்க அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2007 பிப்ரவரியில் அனுமதித்தது. கிளாக்ஸோ ஸ்மித்க்லைன் நிறுவனம் அதே ஆண்டு ஜூனில் 'அல்லி' என்று கடைக்குக் கொண்டு வந்தது. 2009-ல் ஐரோப்பாவிலும் சீட்டு இல்லாமல் விற்க அனுமதி கிடைத்தது. அங்கே உயரம் - எடைக் கணக்கில் 28-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது.

அந்தக் கணக்கு இதுதான்: எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். அக்கா 1.55 மீட்டர், 58 கிலோ. வகுத்தால் 24.1 வருகிறது. நம் நாட்டவருக்கு 23-க்கு மேல் போனாலே கவனம் தேவை என்கிறார்கள். ஆகவே அக்கா கவனிக்க வேண்டியதுதான். ஆனால் இந்த மாத்திரைக்கு ஐரோப்பாவில் வைத்த 28 என்ற எல்லையைத் தொட அவள் 67 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும்! பெண் பார்க்க வந்தவர்கள் சொன்ன ஒரு வார்த்தைக்காக விழுங்கும் மருந்து அல்ல இது.

மெட்டீரியல் பேலன்ஸ் போட்டுப் பார்ப்போம்

நமக்கு இரண்டாம் ஆண்டில் முதலில் சொல்லிக் கொடுத்தது என்ன? உள்ளே போவது, வெளியே வருவதும் உள்ளே தங்குவதும் சேர்ந்ததற்குச் சமம். உடம்புக்கும் இதே சட்டம்தான்.

மாத்திரை சாப்பிடுபவர் ஒரு வேளைக்குச் சுமார் 15 கிராம் கொழுப்போடு நிறுத்திக் கொள்ள வேண்டும் என்பது அல்லி நிறுவனத்தார் சொன்ன வழிமுறை. அதையே எடுத்துக் கொள்வோம்.

மூன்று வேளைக்குக் கொழுப்பு: 45 கிராம்.
மாத்திரை தடுப்பது கால் பங்கு: 11.25 கிராம்.
ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. ஆக மிச்சம்: சுமார் 101 கலோரி.

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு குறைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும். 7,700-ஐ 101-ஆல் வகுத்தால் 76 நாள். அதாவது மாத்திரை மட்டும் தனியாகச் செய்யும் வேலை, இரண்டரை மாதத்துக்கு ஒரு கிலோ. அதற்கு 228 மாத்திரை வேண்டும்.

இதே கணக்கை வேறு விதமாகப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெய் சுமார் நாலரை கிராம். 11.25 கிராம் என்பது இரண்டரை ஸ்பூன் எண்ணெய். மூன்று மாத்திரை வெளியே தள்ளுவதை, தாளிக்கும்போது நாள் ஒன்றுக்கு ஒருவருக்கு இரண்டரை ஸ்பூன் குறைத்தாலே சாதித்து விடலாம். நோட்டில் இந்த விடை வந்ததும் நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "இதுக்கா அமெரிக்காவுல இருந்து மாத்திரை?" என்று கேட்டார்.

இன்னொன்று. மாத்திரை கொழுப்பை மட்டும்தான் தடுக்கும். மாவுச்சத்தையோ சர்க்கரையையோ தொடாது. நம் ஆஸ்டல் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். நாலு இட்லி, தட்டு நிறையச் சோறு, சாயங்காலம் சர்க்கரை போட்ட டீ. இதில் கொழுப்பு எவ்வளவு? சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. "மாத்திரைதான் போட்டிருக்கோமே" என்று ஒரு கரண்டி சோறு கூட வாங்கினால், அன்றைய மூன்று மாத்திரையும் வீண்.

சரி, அப்படியானால் மாத்திரை ஏமாற்று வேலையா? இல்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும். ஸ்வீடன் நாட்டில் எடை அதிகமுள்ள 3,305 பேரை வைத்து நான்கு ஆண்டு ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி உண்டு. பாதிப் பேருக்கு 120 மி.கி. ஆர்லிஸ்டாட், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. நான்கு ஆண்டு முடிவில் மருந்து சாப்பிட்டவர்களுக்கு 5.8 கிலோவும் மற்றவர்களுக்கு 3 கிலோவும் குறைந்திருந்தது. சர்க்கரை நோய் வந்தவர்கள் வெறும் மாத்திரைக்காரர்களில் 9 சதவீதம், மருந்துக்காரர்களில் 6.2 சதவீதம். உண்மையிலேயே எடை அதிகமுள்ளவருக்கு இது நல்ல பலன்தான். ஆனால் கவனியுங்கள், 5.8 கிலோவில் பாதிக்கு மேல் வெறும் கட்டுப்பாட்டிலேயே வந்துவிடும் எடை.

பெட்டியில் 'எய்டு' என்று போட்டிருந்ததே, அதற்கு அர்த்தம் துணை. முன்னால் நடக்க ஒருவன் இருந்தால்தானே துணைக்கு ஒருவன் வர முடியும்? அந்த ஒரு சொல்லை அன்று நான் படிக்காமல் தாண்டிவிட்டேன்.

பக்க விளைவுகள்

தடுக்கப்பட்ட கொழுப்பு மாயமாகி விடாது. வெளியே வந்தாக வேண்டும். அதிலும் மெட்டீரியல் பேலன்ஸ்தான். எண்ணெய் கலந்த மலம், அடக்க முடியாத அவசரம், வாயுவோடு எண்ணெய் கசிந்து துணியில் கறைபடுவது எல்லாம் வரும். ஒரே வேளையில் எவ்வளவு கொழுப்பு சாப்பிடுகிறோமோ அவ்வளவு தொல்லை. அல்லி விற்பனைக்கு வந்தபோது, பழகும் வரை கருநிறப் பேன்ட் போடுங்கள், மாற்றுத் துணி கொண்டு போங்கள் என்று அந்த நிறுவனமே யோசனை சொன்னது! அங்கே சிரித்துக் கொண்டே படித்திருப்பார்கள். எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் உட்கார்ந்து, பாத்ரூம் போக சூப்பர்வைசரைக் கேட்க வேண்டிய ஒரு பெண்ணுக்கு அது சிரிப்பு இல்லை.

அடுத்து, வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. கொழுப்பு வெளியே போகும்போது இவையும் கூடவே போகும. அதனால் ராத்திரி படுக்கும்போது ஒரு மல்டி வைட்டமின் மாத்திரை எடுத்துக் கொள்ளச் சொல்கிறார்கள்.

ஈரல் பாதிப்பு அபூர்வம். 1999 முதல் 2009 வரை உலகத்தில் சுமார் 4 கோடிப் பேர் பயன்படுத்தியதில் கடுமையான ஈரல் பாதிப்பு என்று 13 தகவல்கள் வந்தன. மருந்துதான் காரணம் என்று உறுதியாகவில்லை. ஆனாலும் 2010 மே மாதம் அமெரிக்க அரசு எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, அரிப்பு எடுத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

யார் யார் சாப்பிடக் கூடாது?

1. 18 வயது ஆகாதவர்கள் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. முதலாம், இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கையர் கவனிக்க!
2. எடை அதிகம் இல்லாதவர்கள்.
3. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்.
4. உறுப்பு மாற்று அறுவை செய்து சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவர்கள்.
5. உணவின் சத்து உடம்பில் சேராத நோயும், பித்தநீர் அடைப்பும் உள்ளவர்கள்.

வார்ஃபரின் என்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, சர்க்கரை மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இந்தப் பட்டியலில் இன்னும் ஒன்று இருந்தது. தைராய்டு மாத்திரை.

அதைப் படித்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏனென்றால் அக்கா இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறாள். ஆர்லிஸ்டாட் அந்த மருந்து உடம்பில் சேருவதைக் குறைக்கக் கூடும். இரண்டுக்கும் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும், டாக்டர் பார்வையும் வேண்டும். தைராக்ஸின் குறைந்தால் உடம்பு சோரும், எடை கூடும். எடை குறைக்க என்று சொல்லி எடை கூடும் வழியை அக்காவுக்குக் காட்டியிருக்கிறேன்! அவள் என்னைக் கேட்டுத்தான் சாப்பிட்டாள். படிச்சவன் சொன்னா சரியா இருக்கும் என்ற நம்பிக்கை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அக்காவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். பெட்டியையும் கையோடு எடுத்துப் போனேன். டாக்டரம்மா முதலில் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பிறகு, "தைராய்டு மாத்திரையை எப்படிம்மா போடறே?" என்று கேட்டார். "காலையில டீயோட போட்டுட்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிடுவேங்க" என்றாள் அக்கா. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் டீ குடிக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். இரத்தப் பரிசோதனை செய்ததில் மருந்து போதவில்லை என்று தெரிந்து அளவை மாற்றினார். அக்கா உடம்பு பூசியதற்கு ஒரு காரணம் அந்த டீ டம்ளரிலேயே இருந்திருக்கிறது. ராத்திரிப் பட்டினி வேண்டாம், எண்ணெயையும் சோற்றையும் அளந்து சாப்பிடு, நட என்றார். அவ்வளவுதான் வைத்தியம்.

போலி மாத்திரை

இன்னும் ஒரு எச்சரிக்கை. 2010 ஜனவரியில் இணையத்தில் விற்ற சில போலி 'அல்லி' மாத்திரைகளில் ஆர்லிஸ்டாட் துளியும் இல்லாமல், சிபுட்ரமின் என்ற வேறு மருந்து இருந்ததை அமெரிக்க அரசு கண்டுபிடித்து எச்சரித்தது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து காரணமாக அந்தச் சிபுட்ரமினே அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. பெட்டி அழகாக இருப்பதால் உள்ளே இருப்பது அதுதான் என்று சொல்ல முடியாது. நம் ஊர்க் கடைகளிலும் ஆர்லிஸ்டாட் வேறு பெயர்களில் கிடைக்கிறது. "ஜிம்முக்குப் போற ஃப்ரெண்டு சொன்னான்" என்று வாங்காதீர்கள்.

முடிவுரை

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வைத்தார், 95-ஆவது அதிகாரம். பத்துக் குறளில் ஆறு, முன்பு உண்டது செரித்த பின் அளவறிந்து உண்பதைப் பற்றியே பேசுகின்றன. கடைசிக் குறளில் வைத்தியத்துக்கு நான்கு பேர் வேண்டும் என்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனித்துக் கொள்பவர். அந்த நான்காவது ஆள்தான் நாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மில் பலர் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள். நம் வீட்டில் நாம் சொல்வதுதான் இங்கிலீஷ், நாம் சொல்வதுதான் சயின்ஸ். ஆகவே தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாமல், "இருங்க, முழுசாப் படிச்சுட்டுச் சொல்றேன், டாக்டரையும் கேட்போம்" என்று சொல்லப் பழக வேண்டும். அதுவும் நம் படிப்பில் ஒரு பாடம்தான்.

அக்கா இப்போது 55 கிலோ. எட்டு மாதம் ஆனது. மாத்திரை இல்லாமல், தாளிக்கும் எண்ணெயை ஸ்பூனில் அளந்தே வந்த எடை அது. மீதி மாத்திரைகளை அம்மா குப்பையில் கொட்டிவிட்டார். அந்தக் காலி டப்பாவில் நான் டிராயிங் பின் போட்டு வைத்திருக்கிறேன். லேபிளை மட்டும் கிழிக்கவில்லை.